குன்று நான்கும் என் தலையும்

என் தலை ஒரு தலைதான் என்பதை நிரூபிக்க ஒன்பது நாள் அலைந்தேன். முடியவில்லை. இன்றைய தேதி வரை, எழுத்துப்பூர்வமாக, அது தலை இல்லை.

முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடைகளுக்குப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் பூட்டி எடுத்து வந்துவிடுவேன். சொந்த மாமனார் கடைத் தராசில் ஒரு கிராம் இழுத்தது. அதையும் பூட்டி எடுத்து வந்தேன். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குத் 'தராசு' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அலுவலகம் என்றால் எனக்கு மரியாதை உண்டு. படிவம் கொடுத்தால் உட்கார்ந்து நிரப்புவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு, பெரியவர் போன இடத்தில் தகராறு செய்திருப்பார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் மகள் போட்டோ எடுப்பவள். கல்யாணம், பிறந்தநாள் எடுப்பவள் இல்லை. மனித உடம்பை எடுப்பவள், ஆடையில்லாமல். இதை அவள் என்னிடம் சொன்ன நாளில், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினேன். மூன்று மணி நேரம் நடந்தேன். திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னேன்.

"எடுக்கறதை எடு. ஆனா நம்ம குடும்பப் பேர் இருக்கற எடத்துல துணியில்லாத உடம்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"சரிப்பா" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான்கு வருட உழைப்புக்குப் பிறகு அவளுக்கு ஒரு கண்காட்சி அமைந்தது. ஊரின் பெரிய மண்டபத்தில், சனிக்கிழமை திறப்பு. உலகமே படம் போடுகிறதே, அந்தக் கம்பெனியில் எங்கள் குடும்பப் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினாள். அழைப்பு, முன்பதிவு எல்லாமே அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். அதில் ஏற்றுவதற்கு முன்னால் படங்களை என்னிடம் காட்ட வேண்டும் என்றேன். காட்டினாள்.

கையளவில் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். 'குன்று ஒன்று' தொடங்கி 'குன்று பன்னிரண்டு' வரை பெயர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக எடுத்துப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேடு, சரிவு, மணல், பள்ளம். நான்காவதில் நீண்ட சரிவின் மேல் தன்னந்தனியாக ஒரு பாறை. ஒன்பதாவது நல்ல பருத்த மேடு, நடுவில் வற்றிப்போன ஒரு குளம். எல்லாமே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. பன்னிரண்டுக்கும் பின்பக்கம் பென்சிலால் டிக் போட்டுச் சிறு கையெழுத்து வைத்தேன்.

"இப்படி இயற்கையை எடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இருமல் என்று நினைத்தேன்.

பதின்மூன்றாவது படம் நான். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து எடுத்திருந்தாள். தலை மட்டும், சட்டைக் காலருக்கு மேலே. எனக்கு முடி கொட்டி இருபது வருடம் ஆகிறது. வழுவழுவென்று வெளிச்சம் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடாக இறங்கியிருந்தது. படத்துக்கு 'அப்பா' என்று பெயர். அதற்கும் டிக் போட்டேன்.

பதின்மூன்றையும் ஏற்றினாள். நான்கே நிமிடத்தில் கம்பெனியின் மெஷின் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு குன்றுகளும் தேறின. பதின்மூன்றாவது படம் சாம்பல் நிறத்தில் மறைக்கப்பட்டு, அதன் மேல் ஓர் அறிவிப்பு வந்தது: 'இதில் ஆடையற்ற பின்புறம் உள்ளது. இந்தப் பக்கம் பூட்டப்படுகிறது.' அறிவிப்புக்கு மேலே எங்கள் குடும்பப் பெயர். கீழே 'அப்பா'.

முதல் போன் என் மச்சினனிடமிருந்து. மனைவியின் தம்பி, எந்தச் சேதியும் அவனுக்குத்தான் முதலில் போகும்.

"அத்தான், உங்க படத்தை மறைக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். நல்லா வந்திருக்கு. மொகம்தான் தெளிவா விழல."

"அது என் தலைடா."

"நான் நம்பறேன் அத்தான். ஆனா ஊரு வாயை மூட முடியுமா? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

போனை வைத்துவிட்டேன். மகள் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, சனிக்கிழமைக்குள்ள பேஜ் தொறக்கலைன்னா மண்டபத்தை மெத்தைக் கண்காட்சிக்குக் குடுத்துடுவாங்களாம். ஒரே ஒரு வழிதான் இருக்கு. அது பின்புறம்தான்னு எழுதிக் கையெழுத்து போட்டா, அந்தப் படத்தை மட்டும் எடுத்துட்டு மத்ததைத் தொறந்துடுவாங்க."

"யார் கையெழுத்து போடணும்?"

"படத்துல இருக்கறவங்க."

"என் தலையை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். முறைப்படி போராடி மீட்டுத் தரேன். சனிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருக்குல்ல?"

அவள் என் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

முதலில் முறையீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். பதிவு செய்யப்பட்ட குரல் வரவேற்றது. மார்பு என்றால் ஒன்றை அழுத்தவும். தொடை என்றால் இரண்டு. பின்புறம் என்றால் மூன்று. சிலை என்றால் நான்கு. எதுவுமே இல்லை என்றால் காத்திருக்கவும். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். உங்க பின்புறம் சம்பந்தமா நான் எப்படி உதவலாம்?"

"அது தலைம்மா."

அவள் எதையோ தேடினாள். "லிஸ்ட்ல தலை இல்லையே சார். தலைக்கு இதுவரைக்கும் யாரும் முறையீடு பண்ணதில்ல. 'பின்புறம், உரிமையாளரால் மறுக்கப்படுவது'ன்னு பதிவு பண்ணிக்கட்டுமா?"

வேறு வழியில்லாமல் பதிவு பண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

நேரிலேயே போய்விடலாம் என்று கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் ஓர் இளம்பெண் குளியல் தொட்டியில் சாய்ந்திருந்தாள். முழங்கையில் கொஞ்சம் சோப்பு நுரை இருந்தது. அதைத் தவிர அவள் மேல் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு காவலாளியிடம் கேட்டேன்.

"இது பரவாயில்லையா?"

"அது விளம்பரம் சார். டைல்ஸ் விளம்பரம். அதுல உடம்பே கெடையாது, டைல்ஸ்தான் இருக்கு. நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்க்காமல் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். 'கண்ணியப் பிரிவு' என்று பித்தளைப் பலகை. உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு திரை, ஒரு பிளாஸ்டிக் அளவுகோல், ஒரு பாட்டில் கண் சொட்டு மருந்து. என் கோப்பு ஓர் இளைஞரிடம் இருந்தது. நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப்பட்டை. கண்ணிய அலுவலர். எழுந்து நின்று வரவேற்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க சார். கலைன்னா எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஓவியமா இருந்தா விட்டுடுவோம். சிலையா இருந்தா, மூக்கோ கையோ ஒடைஞ்சிருந்தா விட்டுடுவோம். பழசுன்னு அர்த்தம். போட்டோன்னு வந்தாதான் சிக்கல். போட்டோல இருக்கறது நெஜம்."

"நெஜத்துல என்ன தப்பு?"

"நெஜத்துக்குப் பக்கத்துல யாரும் விளம்பரம் குடுக்க மாட்டாங்க சார்."

ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். நாலாயிரம் என்றார். சற்றுத் தயங்கி, "பழக்கடைப் பக்கமே போறதில்ல சார்" என்றார்.

படத்தை வைத்து என்ன பேச்சு, பொருளே இங்கே இருக்கும்போது என்று நினைத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"பாத்துக்குங்க. அளந்தும் பாத்துக்குங்க."

அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. யாரோ 'ஐயய்யோ' என்றார்கள். பின்னாலிருந்து அந்த மாடிக் காவலாளி ஓடிவந்து என் தலையில் ஒரு கைக்குட்டையை விரித்தார்.

"மூடுங்க சார், தயவுசெஞ்சு மூடுங்க. லேடீஸ் இருக்காங்க."

"சார், உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார் அலுவலர், கண்ணை மூடிக்கொண்டே. "ஆனா அது இப்ப வகைப்படுத்தப்பட்ட உறுப்பு. முறையீடு முடியற வரைக்கும் வளாகத்துல அதைத் தெறந்து காட்டறது பதினேழாவது விதிப்படி குத்தம்."

அலமாரியிலிருந்து கம்பெனிச் சின்னம் பொறித்த தொப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். காது வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"சரி தம்பி. உங்க மெஷினை யார் சோதிச்சு முத்திரை குத்தினது?" என்று கேட்டேன்.

"மெஷின் தன்னைத் தானே சோதிச்சுக்கும் சார். தப்பு இருந்தா அதுவே சொல்லிடும்."

"இதுவரைக்கும் ஏதாவது சொல்லியிருக்கா?"

"இல்ல சார். தப்பே இல்லையே."

என் வேலைக்காலத்தில் இதே பதிலைச் சொன்ன கடைக்காரர்கள் பதினோரு பேர். பதினோரு தராசையும் பூட்டி எடுத்து வந்திருக்கிறேன். இங்கே எடுத்து வர என்னிடம் கோணிப்பைகூட இல்லை. மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விசாரணைக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள். மறுநாள் திறப்பு. மகளும் கூட வந்தாள். நான் தொப்பியோடு, சான்றுகள் அடங்கிய கோப்போடு போனேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவர், சிரித்த முகம். வலது பக்கம் வளைவு நிபுணர். அந்த அம்மாள் முன்பு கார் கம்பெனியில் மட்கார்டு வடிவமைத்தவராம். இடது பக்கம் பண்பாட்டு உறுப்பினர். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பண்பாடு சம்பந்தமாக ஏதாவது வந்தால் எழுப்புவார்களாம்.

என் முதல் சான்று முடிதிருத்துபவர் கடிதம். 'இவருக்கு இருபத்தாறு வருடமாக முடி வெட்டுகிறேன். கடைசி இருபது வருடம் வெட்ட எதுவும் இல்லை, மரியாதைக்காக வருகிறார். அது தலைதான்' என்று எழுதியிருந்தார். தலைவர் அதை ஒதுக்கி வைத்தார்.

"இவருக்கும் உங்களுக்கும் தொழில் உறவு இருக்கு. ஏத்துக்க முடியாது."

வளைவு நிபுணர் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு. நடுவுல பிளவு. எனக்குச் சந்தேகமே இல்ல."

"அம்மா, அது ஜன்னல் கம்பியோட நிழல்."

"நிழல்னு நீங்க சொல்றீங்க. வளைவு பொய் சொல்லாது."

தலைவர் முன்னால் சாய்ந்தார். குரலில் அவ்வளவு கனிவு.

"பெரியவரே, எங்களை உடம்புக்கு எதிரின்னு நெனைக்காதீங்க. மனுஷ உடம்பு எவ்வளவு அழகு! அந்த அழகை நாங்க மதிக்கறோம். மதிக்கறதாலதான் அது எங்கயும் தெரியாம பாத்துக்கறோம். எது ஆபாசம்னு கேக்கறீங்களா? ஒரு படத்தைப் பாத்ததும் எங்க மூணு பேருக்கும் என்ன தோணுதோ, அதுதான் அளவு. ஏன்னா எங்களுக்கு இருபத்து நாலு மணி நேரமும் அதே நெனைப்பு. இந்த விஷயத்துல எங்களை மாதிரி பழுத்த மனசு வேற யாருக்கும் கெடையாது."

வளைவு நிபுணர் ஆமோதித்தார்.

"இவ்வளவு நல்ல பொண்ணு, ஏன் திடீர்னு இப்படி ஒரு படத்தைப் போட்டாங்கன்னுதான் எங்களுக்கு வருத்தம்" என்று தலைவர் தொடர்ந்தார். "இவங்க எடுத்த மத்ததைப் பாருங்க. அதுல நாலாவது."

அறை விளக்கு மங்கியது. எதிர்ச் சுவர் முழுக்க, பன்னிரண்டு அடி அகலத்தில், குன்று நான்கு எழுந்தது.

"எங்க மெஷின் இதுக்கு நூத்துக்கு நூறு குடுத்திருக்கு. தூய்மைன்னா இது. பாத்தா மனசுல ஒரு அழுக்கு வருதா? அந்தச் சரிவைப் பாருங்க. அந்த ஒத்தப் பாறையைப் பாருங்க!"

பண்பாட்டு உறுப்பினரை எழுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் பார்த்தேன். கையளவுப் படத்தில் அது பாறையாக இருந்தது. பன்னிரண்டு அடியில் அது பாறையாக இல்லை. அவரை விதை வடிவில், ஓரம் லேசாக வளைந்து, மூன்று சிறு ரோமங்களோடு ஒரு மச்சமாக இருந்தது. அதற்குக் கீழே கொக்கி மாதிரி ஒரு தழும்பு. கல்யாணமான மறு வருடம் அலமாரி ஆணி கிழித்தது. மருந்து வைத்துக் கட்டியவன் நான்தான்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் மற்றப் பதினொன்று? ஒன்பதாம் குன்றின் வற்றிய குளம் நினைவுக்கு வந்தது. தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

என் வழக்கு அந்த நிமிடமே ஜெயித்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும். 'ஐயா, தலையைப் பின்புறம் என்று சொல்லும் உங்கள் மெஷின், உடம்பைக் குன்று என்றும் சொல்கிறது' என்று சொன்னால் போதும். மெஷினைப் பூட்டி எடுத்து வந்திருக்கலாம். என் தலை தலையாகியிருக்கும். மகளின் நான்கு வருடம் மெத்தைக் கண்காட்சிக்குப் போயிருக்கும். இதுவரை தூய்மையாக இருந்த என் மனைவியின் முதுகு, அந்த நொடியே, இதே சுவரில், இதே மூன்று பேருக்கு முன்னால் ஆபாசமாகியிருக்கும்.

ஒரு கிராமுக்காக மாமனார் தராசைப் பூட்டியவன் நான். எழுந்து நின்றேன்.

"ஒப்புதல் படிவம் எங்க இருக்கு?"

மகள் மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

'கீழே கையெழுத்திடும் நான், மேற்படி படத்தில் இருப்பது எனது பின்புறமே என்று மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன்.' இரண்டு முறை படித்தேன். ஒற்றுப்பிழை ஒன்று இருந்தது, திருத்தினேன். கையெழுத்திட்டுத் தேதி போட்டேன்.

தலைவர் எழுந்து வந்து கை குலுக்கினார். "இந்த நேர்மை எல்லாருக்கும் வராது" என்றார். பக்கம் அங்கேயே திறக்கப்பட்டது. பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஒரு வேண்டுகோள்மா. இந்த வருஷத்தோட தூய படமா குன்று நாலைத் தேர்ந்தெடுத்திருக்கோம். எங்க அலுவலக வாசல்ல, இதே அளவுல, நிரந்தரமா மாட்டணும். சம்மதமா?"

"அது வந்து சார்... அந்த எடத்துக்குச் சொந்தக்காரங்க ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுச் சொல்றேன்."

வீடு போய்ச் சேர்வதற்குள், நான் கையெழுத்திட்டதை மகள் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன்.

"நாலாம் குன்று" என்றேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? ரொம்ப சீக்கிரம்தான். எத்தனை அடி வேண்டியிருந்துச்சு?"

"பன்னண்டு."

"கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஜன்னல் ஓரமா எடுத்துட்டுப் போய், திருப்பித் திருப்பிப் பாத்து, குன்றுன்னு டிக் போட்டீங்களே! நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன்! உள்ள போய் முதல்ல சிரிச்சேன். அப்பறம் எனக்கு வந்த கோவம் எனக்குத்தான் தெரியும்."

ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவன், என் கண்ணை யாரிடமும் சோதனைக்குக் கொடுத்ததில்லை.

"ஒன்பதாவது?" என்று கேட்டேன்.

"என் தம்பி."

"அவனா!"

"கூசுது கூசுதுன்னு ஒரே சிரிப்பு. தொப்பை குலுங்கிக் குலுங்கி நாலு தடவை எடுக்க வேண்டியதாப் போச்சு. மத்ததெல்லாம் அவ சிநேகிதிங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கே" என்றேன்.

"எந்த மானம்? உங்க தலையைப் பின்புறம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்ப இந்த வீட்டுல ஆபீசுல மதிப்போட இருக்கறது என் முதுகு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு, எழுந்து வந்து என் தொப்பியைக் கழற்றினாள். இரண்டு விரலால் தலையில் தட்டிப் பார்த்தாள். "தலைதாங்க இது. நான் சொல்றேன்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மண்டபம் கம்பெனியுடையது அல்ல என்பதால் ஆறாம் குன்றுக்கும் ஏழாம் குன்றுக்கும் நடுவில் என் தலையும் தொங்கியது. கண்ணிய அலுவலரும் குடும்பத்தோடு வந்திருந்தார். என் படத்தைக் கடக்கும்போது இரண்டு குழந்தைகளின் கண்ணையும் இரண்டு கையால் பொத்தினார். குன்றுகளுக்கு முன்னால் கையை எடுத்துவிட்டார். சின்னவள் ஒன்பதாம் குன்றுக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"அப்பா, இந்த மலையில ஏறி வெளையாடலாமா?"

பக்கத்தில் நின்ற என் மச்சினன் மூச்சை உள்ளிழுத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"ஏறலாம்மா" என்றேன். "கொஞ்சம் குலுங்கும். மத்தபடி ஆபத்தில்லாத எடம்."

"அத்தான்..." என்றான் மச்சினன், மெதுவாக.

"மொகம்தான் தெளிவா விழல" என்றேன்.

மகளைச் சுற்றிக் கூட்டமாக இருந்ததால், கண்ணிய அலுவலர் என் மனைவியிடம் போனார். "குன்று நாலுக்குச் சம்மதம் கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுது தம்பி. நல்ல வெளிச்சமா இருக்கற எடத்துல மாட்டுங்க."

"நீங்க அந்த எடத்தைப் பாத்திருக்கீங்களா? எங்க இருக்கு?"

"எனக்கு எட்டாதுப்பா" என்றாள். "இவரைக் கேளுங்க. இவருக்குத்தான் பழக்கம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

அடுத்த மாதம் ஒருநாள், படத்தை ஒழுங்காக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க அதே தொப்பியை மாட்டிக்கொண்டு, ரசமட்டத்தோடு கம்பெனிக்குப் போனேன். ஒரு பக்கம் டைல்ஸ் பெண். எதிர்ப்பக்கம், டைல்ஸ் பெண்ணைவிடப் பெரிதாக, குன்று நான்கு. கீழே பித்தளைப் பலகையில் 'கண்ணியம் என்றால் இது' என்று பொறித்திருந்தார்கள். இடது மூலை இரண்டு விரல் இறங்கியிருந்தது. காவலாளியிடம் ஏணி கொண்டுவரச் சொல்லி நிமிர்த்த வைத்தேன். மட்டம் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு நான்கடி பின்னால் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் நின்று பார்த்தேன்.

காவலாளி ஏணியிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"சார், தொப்பியைக் கொஞ்சம் நல்லா இழுத்து விட்டுக்குங்க. இது கண்ணியமான எடம்."